கீழ்த்தளத்தில் ஒரு லேப்டாப்

பிள்ளையை இன்ஜினீயரிங் காலேஜில் சேர்க்கப் போகிற அன்று ஒரு கத்தை காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ராகிங் செய்ய மாட்டேன், ஹாஸ்டல் அறையில் ஹீட்டர் வைக்க மாட்டேன், அட்டெண்டன்ஸ் குறைந்தால் அப்பாவை அழைத்து வருவேன்... அந்தக் கத்தையில் எங்கேயோ 'கல்லூரியின் கணிப்பொறி நெட்வொர்க்கையும் இன்டர்நெட்டையும் பொறுப்பாகப் பயன்படுத்துவேன்' என்று ஒரு தாள் இருக்கும். பையன் படிக்காமல் கையெழுத்துப் போடுவான். பையன் படித்திருப்பான் என்று நம்பி அப்பா போடுவார். தாளை நீட்டிய கிளார்க்கும் படித்திருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டலாம்.

இத்தனை பேர் கையெழுத்துப் போட்டு இத்தனை குறைவாகப் படிக்கப்பட்ட எழுத்து வேறு இருக்காது. அந்தத் தாளின் அர்த்தம் என்ன, அது மீறப்பட்டால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை ஓர் உயிர் போனபிறகு உட்கார்ந்து யோசித்த ஆவணங்கள் இரண்டு உண்டு. ஒன்று அறிக்கை, மற்றது டாக்குமெண்டரி படம். இரண்டையும் அடுத்தடுத்து பார்த்ததில் தூக்கம் கெட்டது. உங்கள் தூக்கத்தையும் கொஞ்சம் கெடுக்கலாம் என்று இந்த வாரம்.

நடந்த இடம் எம்.ஐ.டி. குரோம்பேட்டை இல்லை. அமெரிக்காவில் பாஸ்டனிலிருந்து சார்ல்ஸ் நதியைத் தாண்டினால் வருகிற கேம்பிரிட்ஜில் இருக்கும் மாசசூஸெட்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. குறும்புக்குப் பேர் போன இடம். 1994-ல் மாணவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய குவிமாடத்தின் உச்சியில் ஒரு போலீஸ் கார் நிற்பது போல் செய்துவிட்டார்கள். யார் என்று தேடித் தண்டிக்காமல் அந்தக் காரைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொண்டார்கள்.

அதன் நெட்வொர்க்கும் திறந்த வீடுதான். 2010-ல் யார் வேண்டுமானாலும் உள்ளே நடந்து போய், லேப்டாப்பைச் செருகி, 'விருந்தாளி' என்று பதிந்துகொண்டால் வருஷத்துக்கு 14 நாள் நெட்வொர்க் கிடைக்கும். பெயர் நிஜமா என்று யாரும் சரிபார்க்கவில்லை. நூலகம் காசு கொடுத்து வாங்கியிருந்த சந்தாக்களும் விருந்தாளிக்குத் திறக்கும். அதில் ஒன்று ஜேஸ்டோர். பழைய ஆராய்ச்சிப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் டிஜிட்டல் களஞ்சியம். 1995-ல் ஆரம்பித்த, லாப நோக்கு இல்லாத நிறுவனம். ஆனால் சந்தா உண்டு. சந்தா கட்டாத சாதாரண ஆசாமிக்குக் கதவு சாத்தியிருக்கும்.

2010 செப்டம்பரில் இந்தத் திறந்த வீட்டுக்குள் ஒரு விருந்தாளி வந்தார். கொடுத்த பெயர் கேரி ஹோஸ்ட். சுருக்கினால் 'கோஸ்ட்', பேய். உண்மைப் பெயர் ஆரன் ஸ்வார்ட்ஸ். வயது 23. செய்திகளைத் திரட்டித் தரும் ஆர்.எஸ்.எஸ். என்கிற இன்டர்நெட் ஏற்பாட்டின் வரைவில் 14 வயதில் பெரியவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பங்கேற்ற பையன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுக்குத் தொழில்நுட்ப அடித்தளம் போட உதவியவன். ரெட்டிட் கம்பெனி 2006-ல் விற்கப்பட்டபோது கிடைத்த பங்கால் இருபது வயதில் கையில் காசு. ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சுவர் கட்டி அடைத்து வைப்பது அநியாயம் என்று 2008-ல் ஒரு பிரகடனம் வேறு எழுதியிருந்தான். அந்த வருஷம் ஹார்வர்டில் ஃபெலோ. எந்தத் துறையில் தெரியுமா? நெறியியல்.

'கோஸ்ட்' லேப்டாப்பில் ஒரு சின்ன நிரல் ஓடியது. ஜேஸ்டோரிலிருந்து ஒரு கட்டுரையை இறக்கு, அடுத்ததை இறக்கு, அடுத்ததை இறக்கு. அவ்வளவுதான். ஜேஸ்டோரின் சர்வர்கள் திணறின. அந்த முகவரியைத் தடுத்தார்கள். வேறு முகவரியில் வந்தான். அதையும் தடுத்தார்கள், மறுபடி வந்தான். அக்டோபரில் பொறுமை இழந்து எம்.ஐ.டி. முழுவதற்குமே ஜேஸ்டோரைச் சில நாள் மூடிவிட்டார்கள். பிறகு பதினாறாம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நெட்வொர்க் கம்பிகள் வந்து சேரும் ஒரு சிறிய அறையில் லேப்டாப்பை நேராகச் செருகி, மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். மொத்தம் சுமார் 48 லட்சம் கட்டுரைகள்.

2011 ஜனவரி 4 அன்று லேப்டாப்பைக் கண்டுபிடித்தார்கள். காமிரா வைத்தார்கள். 6-ம் தேதி ஆரனைப் பிடித்தார்கள். காமிராவில் பதிந்த படத்தில் சைக்கிள் ஹெல்மெட்டை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். திருடனைப் போல என்று சிலருக்குத் தோன்றும். வகுப்பைக் கட் அடித்து மாட்டிக்கொண்டவனைப் போல என்று எனக்குத் தோன்றியது.

அதன்பிறகு எல்லாம் வேகம். 2011 ஜூலையில் ஃபெடரல் அரசு நான்கு குற்றச்சாட்டுகள் போட்டது. அதிகபட்சமாக 35 வருஷம் சிறை, பத்து லட்சம் டாலர் அபராதம் என்று அறிவித்தது. 2012 செப்டம்பரில் நான்கு பதிமூன்றாயிற்று. பதிமூன்றையும் ஒப்புக்கொண்டால் சில மாதச் சிறையோடு விட்டுவிடுகிறோம் என்றார்கள். வாழ்நாளெல்லாம் குற்றவாளி என்ற முத்திரை வேண்டாம் என்று மறுத்தான். 2013 ஏப்ரலில் விசாரணை தொடங்க வேண்டும். ஜனவரி 11-ம் தேதி நியூயார்க்கில் தன் அபார்ட்மெண்டில் உயிரை மாய்த்துக்கொண்டான். வயது 26.

அறிக்கைக்கு வருகிறேன். சாவுக்குப் பின் எம்.ஐ.டி.யின் தலைவர், நாம் என்ன செய்தோம் என்று விசாரித்துச் சொல்லும்படி தன் பேராசிரியர் ஹால் ஏபல்சனைக் கேட்டார். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு அவருடைய பாடப்புத்தகம் தெரிந்திருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸின் ஆரம்பகால இயக்குநர்களில் அவர் ஒருவர். அதாவது ஆரன் எந்தக் கட்சியோ கிட்டத்தட்ட அந்தக் கட்சி. அவரோடு நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் பீட்டர் டயமண்ட், ஒரு வக்கீல். 2013 ஜூலை 30-ல் வெளியான இந்த அறிக்கையைச் சுமார் 180 பக்கம், பாதி நாவல் மாதிரி படிக்கலாம். யார் எந்த நாள் யாருக்கு மெயில் அனுப்பினார், யார் யாரைக் கூப்பிட்டார் என்று நுணுக்கமாகப் போகிறது.

அதில் ஓர் இடம். லேப்டாப் கிடைத்ததும் எம்.ஐ.டி. ஆட்கள் கம்ப்யூட்டர் விவகாரம் தெரிந்த ஒரு உள்ளூர் டிடெக்டிவைக் கூப்பிடுகிறார்கள். அவர் வரும்போது கூடவே சீக்ரெட் சர்வீஸ் ஏஜென்ட்டும் வருகிறார். ஃபெடரல் போலீஸை அழைக்கவேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு போன் கால், அவ்வளவுதான். எத்தனை பெரிய விஷயங்கள் யாரும் முடிவு செய்யாமலே நடக்கின்றன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இன்னோர் இடம்தான் அறிக்கையின் உயிர். வழக்கின் அச்சாணி, 'அனுமதியில்லாத நுழைவு' என்பது. திறந்த வீட்டில் எது அனுமதி, எது மீறல்? அதை வீட்டுக்காரரைத்தானே கேட்க வேண்டும்? அரசுத் தரப்பு எம்.ஐ.டி.யைக் கேட்கவில்லை. எதிர்த் தரப்பும் கேட்கவில்லை. எம்.ஐ.டி. தன்னைத்தானேயும் கேட்டுக்கொள்ளவில்லை என்று ஏபல்சன் குழு எழுதுகிறது. ஒருவனை 35 வருஷம் உள்ளே வைக்கக்கூடிய கேள்வியை, பதில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே இடத்தில் யாரும் கேட்கவில்லை. படித்துவிட்டுக் கொஞ்சநேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

எம்.ஐ.டி. தவறு எதுவும் செய்யவில்லை என்கிறது அறிக்கை. நடுநிலை வகித்தது. ஜேஸ்டோர் 2011 ஜூனிலேயே ஆரனோடு சமாதானமாகி, கட்டுரைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எங்களுக்கு வழக்கில் ஆர்வமில்லை என்று சொல்லி விலகிவிட்டது. ஆரனின் அப்பா எம்.ஐ.டி.யின் மீடியா லேபுக்கு ஆலோசகராக இருந்தவர். நீங்களும் அப்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். எம்.ஐ.டி. சொல்லவில்லை. அப்படி இருந்ததன் மூலம் தலைமை தாங்கும் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டோமோ என்ற தொனியில் அறிக்கை தன் எஜமானர்களை மெல்லக் குட்டுகிறது. முடிவில் சிபாரிசுகள் கிடையாது, சமூகம் யோசிக்கவேண்டிய கேள்விகள் என்று ஒரு பட்டியல்தான்.

இங்கேதான் எனக்கு அறிக்கையோடு சண்டை. கேள்விகள் நேர்மையானவை, சரி. ஆனால் 180 பக்கம் உழைத்தபிறகு கேள்வித்தாளை நீட்டுவது வாத்தியார் புத்தி. வீட்டுக்காரர் நடுநிலை வகிக்கலாமா என்பதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு பதில் சொல்லியிருக்கலாம். தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் நடுநிலை கௌரவமானது. நம் வீட்டுக்குள் வந்த பையனை நம் வீட்டுச் சட்டத்தை மீறினான் என்று வேறு யாரோ இழுத்துப் போகும்போது, நடுநிலை என்பது பேசாமல் இருப்பதற்கு இன்னொரு பெயர்.

படம், பிரையன் நாப்பன்பெர்கர் இயக்கிய 'தி இன்டர்நெட்ஸ் ஓன் பாய்'. 2014-ல் வந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டதால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆரனுக்கு இதைவிடச் சரியான அஞ்சலி கிடையாது. வீட்டு வீடியோவில் சுருட்டை முடிக் குழந்தை ஓடுகிறது. மூன்று வயசில் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸை வாசித்து, ஊருக்குள் இலவசக் கேளிக்கை என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று அம்மாவைக் கேட்டதாம். அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அறிக்கையில் ஆரன் ஒரு 'சம்பவம்'. படத்தில் மனுஷன். அப்பாவும் தம்பிகளும் பேசும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் தொண்டை அடைக்கும்போது மூளையும் கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது. படத்தில் வில்லன்கள் அரசு வக்கீல்கள். நாயகன் மேல் துரும்பு படக்கூடாது என்பதில் இயக்குநர் கவனமாக இருக்கிறார். வழக்கிலிருந்து சாவுக்கு நேராக ஒரு கோடு இழுக்கிறார். ஆரனே தன் மனச்சோர்வைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறான். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதைச் சொன்னால் அரசுத் தரப்பின் குரூரம் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று, அந்தச் சில அக்டோபர் நாட்கள். எம்.ஐ.டி.யில் யாரோ ஒரு மாணவி தீஸிஸ் முடிக்கும் அவசரத்தில் ஜேஸ்டோரைத் திறந்திருப்பாள், திறந்திருக்காது. அவளுக்குப் படத்தில் இடமில்லை. சென்னையில் வெயில் காலத்தில் கார்ப்பரேஷன் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் பொதுச்சொத்து என்று அவர்கள் சொல்வது உண்மைதான். கடைசி வீட்டுக்காரி குடத்தோடு காத்திருப்பதும் உண்மை. கட்டுரைகள் எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்று நம்பியவன், சில நாள் ஒரு வளாகத்துக்கே கிடைக்காமல் செய்துவிட்டான். தானியங்கியாக இறக்காதே என்கிற விதி வெறும் கெடுபிடி கிடையாது. பகிர்ந்துகொள்ளும் குழாய்க்கான தெரு ஒழுக்கம் அது. ஆரன் செய்தது தப்புதான். என் கேள்வி, எத்தனை பெரிய தப்பு? அதற்கு யார் கணக்குச் சொல்வது?

இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவன் ராபர்ட் மாரிஸ் ஒரு நிரல் எழுதி இன்டர்நெட்டில் விட்டான். தன் ஊர் தெரியக்கூடாது என்று அதை எங்கிருந்து விட்டான் தெரியுமா? எம்.ஐ.டி. கம்ப்யூட்டரிலிருந்து. எத்தனை கணிப்பொறிகளுக்குள் போகமுடிகிறது பார்ப்போம் என்கிற விளையாட்டு. ஒரு இயந்திரத்தில் ஏற்கனவே பிரதி இருந்தாலும் ஏழில் ஒரு தடவை மறுபடி உட்கார் என்று எழுதியிருந்தான். அந்த ஏழு தப்புக் கணக்கு. ஒரே மெஷினில் பிரதி மேல் பிரதி ஏறி மூச்சுத் திணறியது. அன்றைக்கு இன்டர்நெட்டில் இருந்த சுமார் 60,000 கணிப்பொறிகளில் 6,000 வரை படுத்துவிட்டதாக மதிப்பிட்டார்கள். அவனுடைய அப்பா அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.யில் கணிப்பொறிப் பாதுகாப்பு விஞ்ஞானி என்பது தனிக் கூத்து.

கம்ப்யூட்டர் மோசடிச் சட்டம் 1986-ல் வந்தது. அதன் கீழ் ஜூரி விசாரணையில் தண்டனை பெற்ற முதல் ஆள் மாரிஸ். 1990-ல் தீர்ப்பு: மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். சிறை இல்லை. கார்னெல் சஸ்பெண்ட் செய்தது. பிறகு ஹார்வர்டில் டாக்டர் பட்டம். பிறகு எம்.ஐ.டி.யில் வேலை. 2006-ல் நிரந்தரப் பேராசிரியர். ஆமாம், அதே எம்.ஐ.டி. ஆரன் கைதானபோது மாரிஸ் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கதை எழுதுகிறவன் இட்டுக்கட்டினால் எடிட்டர் வெட்டிவிடுவார், அத்தனை பொருத்தங்கள். இருவரும் பிறந்தது நவம்பர் 8. மாரிஸ் 1965, ஆரன் 1986. ஆரன் பிறப்பதற்குச் சில வாரம் முன்னால்தான் அந்தச் சட்டம் பிறந்தது. 2005-ல் மாரிஸும் நண்பர்களும் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் முதலீட்டு நிறுவனத்தின் முதல் பேட்ச் இளைஞர்களில் ஆரனும் ஒருவன்.

மாரிஸைப் பற்றி எழுதும்போது 'அவன்' என்று ஆரம்பித்து என்னையறியாமல் 'அவர்' என்று மாறிவிட்டேன், கவனித்தீர்களா? தப்பு செய்த மாணவனுக்குப் பேராசிரியராகிற அளவுக்குக் காலம் கொடுத்தார்கள். ஆரன் கடைசிவரை 'அவன்'தான்.

பொறுப்பான பயன்பாடு என்கிற அந்தத் தாளின் குறை இங்கே தெரிகிறது. அது படியே இல்லாத மாடி. கீழே 'எச்சரிக்கப்படுவீர்' என்று ஒரு வரி. மேலே 'சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு வரி. நடுவில் ஒன்றுமில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, 'தம்பி, என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய்?' என்று கேட்கிற படி இல்லை. லேப்டாப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற படி இல்லை. ஆறு மாதம் நூலகத்தில் கட்டுரைகளை ஸ்கேன் செய் என்று தண்டிக்கிற படி இல்லை. (ஆரன் அதைச் சந்தோஷமாகச் செய்திருப்பான்.) ஆரன் எம்.ஐ.டி. மாணவனே இல்லை, வெளியாள், அவனை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கலாம். வெளியாளுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தப்பு நடந்தபிறகு மட்டும் வெளியாள் என்பது என்ன நியாயம்? பல்கலைக்கழகம் போலீஸ் ஸ்டேஷன் இல்லை, கேபிள் கம்பெனியும் இல்லை. அதன் நெட்வொர்க்கில் நடக்கிற தப்பும் பாதி பாடம்தான்.

உலகம் பிறகு கொஞ்சம் நகர்ந்தது. ஆரன் பெயரில் சட்டத் திருத்தம் 2013-ல் காங்கிரஸுக்கு வந்து நிறைவேறாமல் போயிற்று. 2021-ல் வேறொரு வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், பார்க்க அனுமதி உள்ள தகவலைத் தப்பான காரணத்துக்காகப் பார்த்தால் அதுமட்டுமே அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்று சுருக்கியது. ஜேஸ்டோர் 2013 ஜனவரி 9-ம் தேதி, பதிவு செய்துகொண்டால் யாரும் இரண்டு வாரத்துக்கு மூன்று கட்டுரை சும்மா வாசிக்கலாம் என்று அறிவித்தது. தேதியை மறுபடி பாருங்கள். இரண்டு நாள் முன்னால்.

அறிக்கையா படமா, எதை முதலில்? படத்தைப் பார்த்துவிட்டு அறிக்கையைப் படியுங்கள். முதலில் அழுதுவிட்டால் பிறகு யோசிக்கச் சௌகரியம். மாற்றிச் செய்தால் ஒரு பையன் இறந்துபோன விஷயம் மெயில்களுக்கு நடுவில் தொலைந்துவிடும்.

அடுத்த தடவை பிள்ளையோடு காலேஜ் ஆபீஸில் நிற்கும்போது அந்தத் தாளை வரிசையில் பின்னால் நிற்பவர் திட்டினாலும் ஒருமுறை படித்துவிடுங்கள். பையனிடம் மோட்டார் வைக்காதே என்று சொல்லுங்கள். பிறகு கிளார்க்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இவன் தப்பு செய்தால் முதலில் யாருக்குப் போன் போடுவீர்கள் சார்?'

பதில் தெரியாமல் விழித்தால் நல்லது. யாராவது யோசிக்க ஆரம்பிப்பார்கள்.